ஏற்றப்பாதையில் எட்டு வரப்பு

எனக்குப் பயம் வந்தால் முதலில் பேச்சு கூடும். இன்னும் கொஞ்சம் ஏறினால் அடுத்தவர்களுக்கு உத்தரவு போடத் தொடங்குவேன். உச்சத்துக்குப் போனால் ஒன்றுக்கு வரும். இந்த மூன்று கட்டங்களும் என் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருமுறை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்கப் போன மனைவி பத்து நிமிடமாகத் திரும்பவில்லை என்று, நேரம் குறிக்கிற ஆளிடம் கெஞ்சி மைக்கில் அறிவிக்கச் செய்தவன் நான். அறிவிப்பு முடிந்தபோது அவள் எனக்குப் பின்னால்தான் கொய்யாப் பையோடு நின்றிருந்தாள். "இன்னொருவாட்டி சொல்லச் சொல்லுங்க. சொந்தக்காரங்க யாராச்சும் கேக்காம விட்டிருக்கப் போறாங்க" என்றாள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு, சக்கர நாற்காலியில் வருபவர்கள் தாமாகவே ஏறிப்போகிற மாதிரி ஒரு கரட்டில் பாதை போடும் வேலை எப்படி வாய்த்தது என்றால், எல்லாம் சர்க்கரை செய்த வேலை. நான் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வியாபாரம். டாக்டர் நடக்கச் சொன்னார். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கரடு இருக்கிறது. மலை என்று சொன்னால் அதுவே கூச்சப்படும், அவ்வளவு சின்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஏறி இறங்கும் ஏழெட்டுப் பேரோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகும் பழக்கம் விடாமல் வருவார். வந்து அடிவாரத்தில் உட்கார்ந்து, எங்கள் வண்டிச் சாவிகளுக்குக் காவல் இருப்பார். எங்களில் ஒருவர் கொத்தனார். அவருக்கு அது பொறுக்கவில்லை. "சாவிக்கு ஆள் வச்சு மலையேறுற கூட்டத்த இப்பத்தான் பாக்குறேன். ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி வாட்டம் குடுத்தா வீல்சேரே ஏறும். அவரு நடந்தா ஏற மாட்டாரா?" என்றார். வாட்டம் என்றால் சரிவு. பன்னிரண்டு அடி தூரம் போனால் ஒரு அடிதான் உயர வேண்டும். கணக்கு அவ்வளவுதான். போடுவதுதான் போடுகிறோம், சக்கர நாற்காலிக்காரர்களும் ஏறட்டும் என்று அந்தக் கணக்கிலேயே போட முடிவு செய்தோம். கரட்டின் இடுப்பில் ஒரு தட்டைப்பாறை உண்டு. அது அடிவாரத்திலிருந்து இருபத்தைந்து அடி உயரம். அதுவரைக்கும் வளைத்து வளைத்து முந்நூறு அடிப் பாதை, நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சமமான இடங்கள்.

பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். ஆறு மாதம், ஞாயிறு தோறும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். கற்களைப் புரட்டினோம். சரளை மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். ஓரமாக எட்டு வேப்பங்கன்று நட்டோம். என் கடையின் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து மட்டம் பார்ப்போம். நான் பேசிக்கொண்டே பிடிப்பதால் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும். "மொதலாளி, செத்த நேரம் வாய மூடுங்க. தண்ணி நிக்கட்டும்" என்பார் கொத்தனார். ஆறு மாதத்தில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

கூட்டத்தில் என்னை ஏலே என்று கூப்பிடும் உரிமை உள்ளவர் ஒருவர்தான். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்தவர். எழுபதை நெருங்கிய வயதில், மகள் வீட்டோடு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் மம்பட்டியை விடவில்லை. டவுன் பஸ்ஸில் மம்பட்டியோடு ஏறி, கண்டக்டரோடு வாரா வாரம் சண்டை போட்டுக்கொண்டு வருவார்.

பாதை முடிந்த கையோடு நான் ஊரெல்லாம் பெருமை அடிக்கத் தொடங்கினேன். அப்படி அடித்த ஒரு இடம் சின்னாளப்பட்டி. மனைவிக்குச் சுங்குடிச் சேலை எடுக்க ஒரு வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்குச் சாயம் ஏற்றும் முன்பு புள்ளி புள்ளியாக நூலால் முடிச்சுப் போடுகிற வேலை அவருடையது. நாலு வருடத்துக்கு முன்பு மாடிப்படியில் தவறி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் முடிச்சுப் போடுவார். நான் பாதையைப் பற்றி அளந்துவிட்டதை எல்லாம் முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"அகலம் எம்புட்டுண்ணே?"

"அஞ்சடி."

"திரும்புற எடத்துல?"

"ஆறரை."

"மண்ணு பொதபொதன்னு இருக்குமா, கெட்டியா இருக்குமா?"

"ரோடு மாதிரி இருக்கும்மா."

"நீங்க ஒக்காந்து ஏறிப் பாத்தீங்களா?"

இங்கேதான் எனக்கு முதல் கட்டம் ஆரம்பித்தது. பேசினேன். கொத்தனாரின் திறமையைப் பற்றி, சரளையின் தரத்தைப் பற்றி, என் ட்யூபின் கம்பெனியைப் பற்றி. அவர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "அப்ப பாக்கல" என்றார்.

அடுத்த ஞாயிறு, தெரிந்த மருந்துக்கடையில் வாடகைக்கு ஒரு சக்கர நாற்காலி எடுத்துப் போனேன். பதினைந்து அடி ஏறுவதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல ஆயிற்று. இரண்டாவது வளைவில் வியர்வையைத் துடைக்கலாம் என்று இரண்டு கையையும் எடுத்தேன். நாற்காலி பின்னால் போகத் தொடங்கியது. உடனே இரண்டாம் கட்டம். "புடிங்க, யாராச்சும் பிரேக்கப் போடுங்க, கல்ல வைங்க" என்று மூன்று பேருக்கு மூன்று உத்தரவு போட்டேன். பிரேக் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது எனக்கு நினைவு வரும்போது நான் சப்பாத்திக்கள்ளிக்குள் இருந்தேன்.

கொத்தனார் முள் எடுத்துவிட்டார். "மொதலாளி, வளைவுல வாட்டம் கூடிப்போச்சு. மேல கொட்டுன சரள கனமா விழுந்திருச்சு. அத எறக்கிரலாம். முள்ளுதான் செத்த நாள் ஆகும்" என்றார். குஜிலியம்பாறைக்காரர் சிரித்துச் சிரித்து மம்பட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

வளைவைக் கொத்தி இறக்கவும், பள்ளத்துப் பக்கம் சக்கரம் ஓடிவிடாமல் வரிசையாகக் கல் பதிக்கவும் மூன்று ஞாயிறு பிடித்தது. பிறகு அந்தம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்புடி இருந்துச்சு?"

"முள்ளா இருந்துச்சு."

சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அண்ணே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். இந்த நாலு வருசத்துல கோயிலு, கல்யாணம், ஆசுபத்திரி எங்க போனாலும் ரெண்டு பேரு தூக்குவாக. தூக்குறவுக நல்ல மனசாத்தான் தூக்குறாக. ஆனா தூக்கும்போது யாரும் என் மூஞ்சியப் பாக்குறதில்ல, படியத்தான் பாக்குறாக. அதனால போறதையே விட்டுட்டேன். ஒங்க பாதைக்கு ஒரேயொரு தடவ வாரேன். நானா ஏறணும். யாராச்சும் தூக்குற மாதிரியோ தள்ளுற மாதிரியோ ஆச்சுன்னா, அதோட சரி. திரும்பக் கூப்புடாதீக."

வரும் ஞாயிறு என்று முடிவானது. அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் மழை கொட்டியது. எங்கள் பாதை இதுவரை நல்ல மழையைப் பார்த்ததே இல்லை. கடையில் மூன்று அங்குலக் குழாய் கேட்டவருக்கு ஒன்றரை அங்குலம் கொடுத்தேன். வெள்ளி மாலை குஜிலியம்பாறைக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "ஏலே, நீ சும்மா கெட. காலையில நான் போயிப் பாக்குறேன்" என்றார். சனி மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"எப்புடிய்யா இருக்கு?" என்றேன்.

"நாலஞ்சு எடத்துல அரிச்சிருந்துச்சு. எல்லாஞ் செஞ்சு வச்சுட்டேன். இனிமே ஒரு பொட்டுத் தண்ணி வீணாப் போகாது."

நான் இருந்த நிலையில் இந்தப் பதில் தேனாக இனித்தது. தண்ணீர் வீணாகாததற்கும் சக்கரம் உருள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. சொட்டுநீர்க் குழாய் விற்கிறவனுக்கே தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தது அந்தம்மாவின் தம்பி, தறி நெய்கிறவர். பின்னால் பலகை சாய்த்ததும் அந்தம்மா தானே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். உள்ளங்கையில் பழைய வேட்டித்துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். முதல் முப்பது அடி ஏறினார். மண் இறுகிக் கிடந்தது. சக்கரத்தின் தடம்கூட விழவில்லை. கொத்தனார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் நாற்காலிக்குப் பின்னால் இரண்டடி விட்டு, எதையோ ஏந்தப்போகிறவன் போலக் கையை நீட்டிக்கொண்டே நடந்தேன்.

முதல் வளைவு திரும்பியதும் நாற்காலி நின்றது.

பாதையின் குறுக்கே ஒரு வரப்பு. அரை அடி உயரம். மம்பட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி வழவழப்பாக்கிய வரப்பு. ஒரு முனை கரட்டைத் தொட்டது. மறுமுனை சாய்வாகப் போய், ஓரத்தில் நாங்கள் நட்ட வேப்பங்கன்றின் காலடியில் முடிந்தது. முந்தின நாள் போட்ட மண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. எண்ணினேன். எட்டு.

குஜிலியம்பாறைக்காரர் பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். முகத்தில் பெருமை. "பாத்தியாலே, எட்டுக் கன்னுக்கும் தண்ணி" என்று தொடங்கியவர், நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு வரப்பைப் பார்த்தார். ஆறு மாதம் எங்களோடு சக்கரம் ஏற வேண்டும் என்றே மண் சுமந்தவர் அவர். அவர் முகம் மாறியதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"எங்க ஊருப் பழக்கம் தாயி" என்றார். "வருசத்துல நாலு நாளு மழ வரும். அப்ப மம்பட்டியோட காட்டுல நிப்போம். ஓடுற தண்ணியப் பாத்தா கையி சும்மா இருக்காது. சக்கரம் நெனப்புலயே வரல."

நான் இரண்டாம் கட்டத்தில் இருந்தேன். "வெட்டுங்க. கொத்தனாரே, நீங்க அத வெட்டுங்க. தம்பி, பலகையக் கொண்டாங்க. ஆட்டோவத் திருப்பி நிறுத்துங்க." யாரும் அசையவில்லை. ஆட்டோவை எதற்குத் திருப்ப வேண்டும் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

தம்பிக்காரர் அக்காவின் பக்கத்தில் குனிந்தார். "எக்கா, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா எட்டையும் தாண்டிரலாம். ஒரு நிமிசம்."

"தூக்குறதுன்னா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

தம்பி கையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், ஆறு மாதம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் கட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் புதர்ப்பக்கம் ஒதுங்குவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டு நின்றேன்.

குஜிலியம்பாறைக்காரர் மம்பட்டியை ஓங்கினார். தான் போட்ட வரப்பைத் தானே வெட்டப் போனார்.

"இருங்க பெரியப்பா" என்றார் அந்தம்மா. "இத வெட்டுனா தண்ணி எங்குட்டுப் போகும்?"

"பாதையோட ஓடும்."

"ஓடுனா?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நடு மண்ண அரிச்சிரும். நேத்து வந்து பாக்கையில கை நொழையிற அளவுக்கு ஓடை விழுந்து கெடந்துச்சு. இன்னும் நாலு மழ பேஞ்சா பாதையே இருக்காது."

"பாதையில்லைன்னாலும் நான் ஏற முடியாதுல்ல."

கொத்தனார் வரப்பின் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, உயரத்தைச் சாண் வைத்து அளந்தார். "பெரியவரே, இது நிக்கிறதுதானே தப்பு? படுக்க வச்சா?"

"படுக்க வச்சான்னா?"

"முக்காவாசி ஒசரத்தக் கொறைக்கிறது. மிச்ச மண்ண ரெண்டு பக்கமும் நீளமா இழுத்து விடுறது. மேப்பக்கம் லேசா ஒரு பள்ளம் பறிக்கிறது. தண்ணி பள்ளத்துல எறங்கி, படுத்த வரப்புல முட்டி, கன்னுக்குத் திரும்பிரும். சக்கரத்துக்கு அது வரப்புன்னே தெரியாது."

குஜிலியம்பாறைக்காரர் யோசித்தார். தண்ணீர் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. கண்ணை மூடி மழையை ஒருமுறை மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். "திரும்பும்" என்றார்.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். ஒருவர் கொத்த, ஒருவர் இழுக்க, தம்பிக்காரர் திமிசுக்கட்டையை வாங்கி இடித்தார். நான் தண்ணீர் தெளித்தேன். அந்த வேலைக்குப் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. முடிந்ததும் அந்தம்மா நாற்காலியை உருட்டினார். முன் சக்கரம் ஏறி முட்டி நின்றது.

"இன்னும் ரெண்டு விரக்கட கொறைங்க."

குறைத்தார்கள். மறுபடி உருட்டினார். ஏறி இறங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வரப்புக்குப் போய் நின்றுகொண்டார். "இதுக்கு மொதல்லயே கொறைச்சிருங்க. அப்புறம் எடது பக்கம் மண்ணு கூடுதலா நிக்கிது, பாருங்க." பார்த்தால் நின்றது. ஆறு மாதமாக மட்டம் பார்த்த எங்கள் யார் கண்ணிலும் படாதது அவர் கைக்குத் தெரிந்தது. இரண்டு சக்கரத்தில் எது கனக்கிறது என்பதை வைத்தே சொன்னார்.

ஒன்றுக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஐந்தாவதை முடிக்கும்போது மணி ஒன்பதரை தாண்டி, வெயில் முதுகில் ஏறிவிட்டது. ஐந்தாவது வரப்பு ஏற்றமான இடத்தில் இருந்தது. படுத்த மண்ணின் உச்சிக்குப் போகும்போது அவர் கை வழுக்கியது. நாற்காலி ஒரு சாண் பின்னால் வந்தது.

நான் பிடித்துவிட்டேன். பிடிக்க வேண்டும் என்று நினைத்துப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து நீட்டியே வைத்திருந்த கை அது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். நான் மூச்சு விட்டால் வண்டி நகரும் என்பது போல இருந்தது.

அந்தம்மா திரும்பவில்லை. சக்கரத்தில் மறுபடி இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"கைய எடுங்கண்ணே."

"வண்டி போயிரும்மா."

"நான் புடிச்சிருக்கேன். எடுங்க."

ஒவ்வொரு விரலாக எடுத்தேன். வண்டி போகவில்லை. அவர் தோள் இரண்டும் முன்னால் குனிந்தன. சக்கரம் ஒரு விரல் நகர்ந்தது, அப்புறம் இரண்டு விரல், அப்புறம் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சமதளத்தில் போய் நின்றது. நான் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொத்தனார் தண்ணீர் பாட்டிலை அந்தம்மாவிடம் கொண்டு போகாமல் என்னிடம் கொண்டு வந்தார்.

அந்த இடத்திலிருந்து மேற்கே கொடைக்கானல் மலை வரைக்கும் தெரியும். நடுவில் தென்னந்தோப்புகள், முருங்கைக் காடு, பழனிக்குப் போகும் ரயில் பாதை. அந்தம்மா கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கையை ஊதிக்கொண்டே பார்த்தார்.

"சின்னாளப்பட்டி எங்குட்டு இருக்கு?"

குஜிலியம்பாறைக்காரர் மம்பட்டிக் காம்பால் கரட்டின் முதுகுப் பக்கம் காட்டினார். "அங்கிட்டு. கரடு மறைக்குது. தட்டப்பாறைக்குப் போனாத்தான் அந்தப் பக்கம் தெரியும்."

இன்னும் மூன்று வரப்பு இருந்தது. நாங்கள் எல்லோரும் மம்பட்டி, திமிசுக்கட்டை, வாளி என்று ஆளுக்கொன்றைக் கையில் எடுத்துவிட்டோம். அந்தம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்து, ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையை வைத்துத்தான் அவர் நாளைக்கு முடிச்சுப் போட வேண்டும்.

"இன்னைக்கு இம்புட்டுத்தான்" என்றார். "எறங்குறேன்."

ஒரேயொரு தடவைதான் வருவேன் என்று சொன்னவர். இனி வருவாரா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இறக்கத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று அவருக்கு முன்னால் ஓடி, அவர் பக்கம் திரும்பி நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினேன்.

"அண்ணே, எட்டு வரப்பு பத்தாதா? நீங்க வேற நிக்கிறீங்க."

தம்பிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் ஓரமாக ஒதுங்கினேன். சக்கரத்தை உள்ளங்கையால் உரசி உரசி, ஐந்து மேட்டையும் தாண்டி அவர் இறங்கிப் போனார். ஒவ்வொன்றிலும் ஒரு நொடி நின்று, கீழே குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்.

தன் முறை வரட்டும் என்று அடிவாரத்தில் காத்திருந்த முழங்கால் ஆபரேஷன்காரர் சாவிகளோடு எழுந்து நின்றார். அந்தம்மா ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எழுதிக்கங்க. ரெண்டாவது வளைவுல பள்ளத்துப் பக்கத்துக் கல்லு ஒண்ணு ஆடுது. நாலாவது மேட்டுக்கு முன்னாடி மண்ணு பொதபொதங்குது, நல்லா இடிக்கல. அஞ்சாவதுக்குக் கீழ ஒரு சமதளம் வேணும், ஏறுறதுக்கு முன்னாடி மூச்சு வாங்க. பெரியப்பா, ஒங்க வீட்டுல களக்கொத்து இருக்கா? காம்பு கட்டையா இருக்குமே, அது."

"இருக்கு தாயி. எதுக்கு?"

"மம்பட்டிய நான் ஒக்காந்துகிட்டு ஓங்க முடியாது. அதுன்னா மண்ணு இழுத்துருவேன்."

பேனா தேடினேன், இல்லை. போனில் எழுதினேன். அவசரத்தில் வளைவு என்று தட்டினால் வேறென்னவோ வந்தது. தம்பிக்காரர் பலகையைச் சாய்த்தார். பாதிப் பலகையில் அந்தம்மா சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்கு வருவீக?"

"ஆறரைக்கு" என்றேன்.

"அஞ்சரைக்கு வாங்க. வெயிலு ஏறுது."

"எக்கா, அப்ப நான் நாலரைக்கு எந்திரிக்கணும்" என்றார் தம்பி.

"எந்திரி" என்று சொல்லிவிட்டு, பலகையில் ஏறிப் போனார்.